இல்லை என்று சொல்ல என்ன வேண்டும்?

ஏபிஐ சோதனை பழக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, வந்த பதில் சரியா என்று எப்படிப் பார்ப்பது என்றுதான். அது பெரிய வித்தை இல்லை. பதில் கையில் இருந்தால் பிரித்துப் பார்த்துவிடலாம். எண் 200 தானா, ஜேசன் ஒழுங்காக இருக்கிறதா, தொகை வரவேண்டிய இடத்தில் தொகைதான் வந்திருக்கிறதா. கொஞ்ச நாளில் கை பழகிவிடும். பதிலே வராதபோது நமக்கு என்ன தெரிந்திருக்கிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் கேட்க வைப்பேன். இதே கேள்விக்காக நம் ஊர்த் தருக்கக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்பது, ஞாயிற்றுக்கிழமை சைவ சித்தாந்த வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சொந்த லேப்டாப்பில் பழகுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். கம்பெனி சர்வரில் பழகினால் பதில் வரும், வராமலும் போகும். ஏன் என்று தெரியாது. லேப்டாப்பில் 127.0.0.1 என்ற முகவரி இருக்கிறது. கேட்பதும் நம் மெஷின், சொல்வதும் நம் மெஷின். வைஃபையை அணைத்துவிட்டாலும் அது வேலை செய்யும்.

ஒரு டெர்மினலில் நெட்கேட்டை 9000ஆம் போர்ட்டில் கேட்க வைக்கிறேன். பக்கத்து டெர்மினலில் கர்ல் கட்டளையால் அந்த போர்ட்டுக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறேன். முதல் ஜன்னலில் கோரிக்கை வரிவரியாக வந்து விழுகிறது: கெட், ஹோஸ்ட், யூசர் ஏஜென்ட், கடைசியில் ஒரு வெற்று வரி. அவ்வளவுதான், கர்சர் மின்னிக்கொண்டே இருக்கிறது. நெட்கேட்டுக்கு எச்டிடிபி தெரியாது. பதில் சொல்வதென்றால் நான்தான் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். நான் அனுப்புவதில்லை. கர்ல் காத்திருக்கிறது. இவ்வளவு நேரம்தான் என்று நாம் வரம்பு கட்டாவிட்டால் அது பாட்டுக்குக் காத்துக்கொண்டே இருக்கும். கேட்டது போய்ச் சேர்ந்துவிட்டது, கேட்டவருக்கு அது தெரியாது, பதில் சொல்ல வேண்டியவள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சொன்னால் பாடம் நடத்தும் ஐயா கோபித்துக்கொள்வார் என்பதால் அங்கே சொல்லவில்லை. அந்த நிமிடம் கருவறைக்கு உள்ளேயிருந்து வெளியே பார்ப்பது போலத்தான் இருக்கும்.

இப்போது நெட்கேட்டை நிறுத்தினால், கர்ல் 52 என்ற எண்ணோடு முடிகிறது: சர்வரிடமிருந்து வெறுமையான பதில். முதலிலேயே ஐந்து விநாடி வரம்பு வைத்திருந்தால் 28, நேரம் முடிந்துவிட்டது. நெட்கேட்டே ஓடாமல் கர்லை ஓட்டினால் காத்திருத்தலே கிடையாது. கண் இமைக்கும் நேரத்தில் 7 வருகிறது, கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு.

பிள்ளைகள் இந்த மூன்றையும் ஒரே பெட்டியில் போடுவார்கள், 'சர்வர் டவுன்' என்று. மூன்றும் வேறு வேறு. எண் 7 உண்மையில் ஒரு பதில். அந்த போர்ட்டில் யாரும் இல்லை என்று கெர்னல் சொல்கிறது. வீட்டுக்காரரே வாசலில் வந்து, அப்படி ஒருவர் இங்கே குடியில்லை என்கிறார். நம்பத்தகுந்தவர் வாக்கு அது. 28 அப்படியில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை, என் பொறுமை முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த எண் என்னைப் பற்றிய செய்தி, சர்வரைப் பற்றியது இல்லை. ஃபயர்வாலில் அந்த போர்ட்டுக்கு வரும் பாக்கெட்டை 'ரிஜெக்ட்' செய்யாமல் 'டிராப்' செய்யும்படி ஒரு விதி எழுதிவிட்டால், உள்ளே சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே 28 வரும். அதையும் லேப்டாப்பில் செய்து காட்டுவேன்.

இன்மையை அறிவது எப்படி என்பதைச் சிவஞான சித்தியார் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறது. பதிமூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய நூல். கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், எதை வைத்து எதை அறிகிறோம் என்ற அளவைக் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் நகர்கிறது. எந்த டெஸ்டருக்கும் பிடித்துப்போகும் வரிசை. அளவை ஆறு என்பவர்கள் உண்டு, அதற்கு மேலும் சொல்பவர்கள் உண்டு, எல்லாமே காண்டல் (நேரில் காண்பது), கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தகுந்தவர் வாக்கு) என்ற மூன்றில் அடங்கும் என்கிறது. அப்படி அடக்கப்பட்டவற்றில் ஒன்று அபாவம், அதாவது இல்லாமையை அறிதல்.

குமாரிலரின் வழிவந்த மீமாம்சகர்கள் அதை அடக்கச் சம்மதிக்க மாட்டார்கள். தரையில் குடம் இல்லை என்று அறிகிறேன். கண் தரையைத்தான் பார்த்தது. இல்லாத குடத்தைக் கண் எப்படித் தொடும்? ஆகவே இது தனி அளவை என்பார்கள். நியாயக்காரர்கள், குடம் இல்லாத தரையைக் கண்டோம், அதுவும் காட்சிதான் என்பார்கள். ஏழாம் நூற்றாண்டு பௌத்தர் தருமகீர்த்தி மூன்றாவதாக ஒன்று சொன்னார். இல்லாமை ஒரு அனுமானம், ஆனால் நிபந்தனையோடு: அந்தப் பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்க வேண்டும். குடத்துக்கு இது பொருந்தும், வெளிச்சம் இருந்து கண்ணும் நன்றாக இருந்தால் குடம் ஒளிந்துகொள்ளாது. பிசாசுக்குப் பொருந்தாது. பிசாசு இருந்தாலும் தென்படாது என்றுதானே அதைப் பற்றிய கதையே. எனவே பிசாசைக் காணவில்லை என்பதை வைத்து, இங்கே பிசாசு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. உண்டு என்றும் சொல்ல முடியாது.

சித்தியாரும் ஏதுவை, அதாவது அனுமானத்துக்கான காரணத்தை, இயல்பு, காரியம், அனுபலத்தி (தென்படாமை) என்று மூன்றாகத்தான் பிரிக்கிறது. தருமகீர்த்தியின் நியாயபிந்துவில் இருக்கும் அதே பிரிவு. பிறர் கொள்கைகளை மறுக்கும் பரபக்கப் பகுதியில் நால்வகைப் பௌத்தரையும் வரிசையாக நிறுத்தி மறுக்கும் நூல், அவர்கள் பட்டறைக் கருவியைத் தயங்காமல் எடுத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் மரியாதைதான் கூடியது. அனுபலத்திக்குச் சித்தியார் தரும் உதாரணமும் அழகு: குளிர் இல்லை, ஆகவே பனி இல்லை. பனி இருந்தால் குளிர் இருந்தே தீர வேண்டும், குளிர் இருந்தால் என் தோலுக்குத் தெரிந்தே தீரும். இந்த இரண்டு 'தீரும்' இருந்தால்தான் இல்லை என்ற சொல்லுக்கு வலு.

லேப்டாப்பில் பழகுவதன் பயன் எனக்கு இதற்குப் பிறகுதான் துலங்கியது. சரியான பதிலை ஒத்திகை பார்க்க அங்கே போகவில்லை. 'இருந்திருந்தால் தென்பட்டிருக்கும்' என்ற நிபந்தனையை என் கையால் ஏற்படுத்தக்கூடிய ஒரே இடம் அது. கம்பியின் இரண்டு முனையும் என்னிடம் இருக்கின்றன, நடுவில் டிசிபிடம்ப்பை உட்கார வைத்து ஒவ்வொரு பாக்கெட்டையும் பார்க்கலாம். அங்கே, சர்வர் பதில் அனுப்பவில்லை என்று நான் எழுதினால், அது குடம் இல்லை என்பதைப் போன்ற வாக்கியம். வெளியே, யாரோ ஒருவரின் கிளவுடில் இருக்கும் சர்வரைப் பற்றி அதையே எழுதினால், பிசாசைப் பற்றி எழுதுகிறேன்.

பல புரோட்டோக்கால்களில் பழகச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றும் மௌனத்தோடு ஒவ்வொரு மாதிரி ஒப்பந்தம் போட்டிருக்கிறது. எச்டிடிபியில் மட்டும் பழகியவர்கள், கேட்டால் பதில் வரும் என்பதை உலக இயல்பென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

யூடிபியைப் பாருங்கள். 1980இல் வந்த அதன் விதிநூல் மூன்றே பக்கம். போய்ச் சேரும் என்ற உத்தரவாதமே அதில் இல்லை. மூடிய போர்ட்டுக்கு ஒரு பாக்கெட் அனுப்பினால், இங்கே யாரும் இல்லை என்று ஐசிஎம்பி செய்தி திரும்பி வரக்கூடும். திறந்த போர்ட்டுக்கு அனுப்பினால், உள்ளே இருப்பவர் பேச விரும்பாவிட்டால் ஒன்றுமே வராது. ஆக, இல்லாதவர் பதில் சொல்கிறார், இருப்பவர் மௌனமாக இருக்கிறார்! நடுவில் ஃபயர்வால் விழுங்கியிருந்தாலும் அதே மௌனம்தான். என்மேப் என்ற கருவி இந்த நிலையை 'ஓப்பன்' என்றோ 'ஃபில்டர்டு' என்றோ அறுதியிடாமல், நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டையும் சேர்த்தே எழுதுகிறது. கணினி உலகில் நான் பார்த்த மிக நேர்மையான வரிகளில் அது ஒன்று.

எம்க்யூடிடியை 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கினார்கள். கம்பி அறுந்து அறுந்து ஒட்டும் என்று தெரிந்தே செய்தது. அதில் கிளையன்ட் இணையும்போதே 'லாஸ்ட் வில்' ஒன்றை, தன் மரண சாசனத்தை, நடுவில் நின்று செய்திகளைக் கைமாற்றும் புரோக்கரிடம் எழுதிக் கொடுத்துவிடலாம். ஒழுங்காக விடைபெற்றுப் போனால் புரோக்கர் அதைக் கிழித்துப் போட்டுவிடும். சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தால் ஊருக்கு அறிவிக்கும்.

இதைப் பழக, மொஸ்கிட்டோ புரோக்கரை 1883ஆம் போர்ட்டில் ஓடவிட்டு, கிளையன்டின் 'கீப் அலைவ்' நேரத்தை 10 விநாடி என்று வைக்கச் சொல்வேன். பிள்ளைகள் உடனே கிளையன்டைக் 'கில்' செய்வார்கள். சாசனம் அந்த நொடியே வெளியாகும், ஏனென்றால் ஆபரேட்டிங் சிஸ்டம் இணைப்பை மூடிவிடுகிறது, புரோக்கர் அதைப் பார்க்கிறது. இதில் மர்மம் இல்லை. கில் செய்யாமல் 'ஸ்டாப்' சிக்னல் அனுப்பிப் பாருங்கள். கிளையன்ட் சாகவில்லை, உறைந்து நிற்கிறது. இணைப்பும் திறந்தபடியே இருக்கிறது. புரோக்கர் காத்திருக்கும், விதிப்படி கீப் அலைவ் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 15 விநாடி. பிறகு சாசனத்தை வாசித்துவிடும். அப்புறம் 'கன்டினியூ' சிக்னல் கொடுத்தால் கிளையன்ட் தன் சாவுச் செய்தி ஊர் முழுக்கப் போனபின் எழுந்து உட்காரும்.

இதை ஐயாவிடம் சொன்னேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலிப் பக்கம். "தூங்குதவனச் செத்துட்டான்னு முடிவு பண்ணி, அத உரைன்னு சொல்லி ஊருக்கும் அனுப்புதாக்கும்?" என்று சிரித்தார்.

ஆமாம், அதற்கு வேறு வழி இல்லை. செய்தி போய்வர எவ்வளவு நேரமும் ஆகலாம் என்ற உலகில், செத்தவரையும் மெதுவானவரையும் காத்திருந்து மட்டும் பிரித்தறிய முடியாது. ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985இல் வெளியிட்ட புகழ்பெற்ற நிரூபணத்துக்கு அடியில் கிடக்கும் சங்கடம் இதுதான்: அப்படிப்பட்ட உலகில், ஒரே ஒரு கணினி பழுதாகலாம் என்றாலும், எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தே தீருவார்கள் என்று உத்தரவாதம் தரும் நிர்ணயமான வழிமுறை கிடையாது. ஆகவே ஒன்றரை மடங்கு என்பது அறிவு இல்லை, தீர்ப்பு. எங்கோ ஒரு கோடு கிழித்தாக வேண்டும், கிழித்திருக்கிறார்கள்.

வெப்சாக்கெட்டில் 1006 என்று ஒரு மூடல் எண் உண்டு. 2011இல் வந்த அதன் விதிநூல், அந்த எண்ணைக் கம்பியில் யாரும் அனுப்பவே கூடாது என்கிறது. எதிர்முனை விடைபெறாமல் போய்விட்டால், நம் பக்கத்து நிரலே அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். எதிர்ப்பக்கத்துப் பதில்போலத் தெரிவது, நம் பக்கமே உண்டாக்கிக்கொண்ட ஒலி. ஜிஆர்பிசியில் இன்னும் கூர்மையான ஒன்று. கேட்பவர் கெடு வைக்காவிட்டால் இயல்பாக அதற்குக் கெடுவே கிடையாது. வைத்து, அது கடந்துவிட்டால் 4 என்ற எண் வரும். ஆனால் சர்வரில் வேலை வெற்றிகரமாக முடிந்திருந்தாலும் இந்த எண் வரலாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. பணம் போய்விட்டது, போகவில்லை என்ற தோற்றமும் வந்துவிட்டது. மறுபடி அழுத்தினால் இரண்டு முறை போகும்.

இனி நான் சொல்ல வந்த இடம். எங்கள் ஊர்க் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது உண்டு. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கல்யாணம், வீடு வாங்குவது, ஆபரேஷன் எதுவானாலும் சரி. டெஸ்டர் கண்ணால் பார்த்தால் இந்த புரோட்டோக்காலில் ஒரு விசேஷம் தெரியும்: மௌனத்துக்கு இடமே வைக்கவில்லை. குழந்தை ஏதாவது ஒரு பொட்டலத்தை எடுத்தே தீரும். சாமி அன்றைக்குப் பேச விரும்பவில்லை என்பதைக் காட்ட மூன்றாவது பொட்டலம் கிடையாது. எப்போதும் 200 கொடுக்கும் மாக் சர்வரும் இப்படித்தான். அதை வைத்து என் கிளையன்ட் நிரலைச் சோதிக்கலாம்; அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று சோதிக்க முடியாது. பூக்கட்டுவதை நான் கேலி செய்யவில்லை. முடிவெடுக்க முடியாமல் தவிக்கும் வீட்டுக்கு அது ஒரு முடிவைக் கொடுத்துவிடுகிறது, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அது சாட்சியம் ஆகாது.

நேர்த்திக்கடனில் மௌனத்துக்கு இடம் உண்டு, அந்த வகையில் மேல். நடந்தால் முடி இறக்குகிறேன், நடக்காவிட்டால் இல்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தை எழுதியது ஒரு பக்கம் மட்டும். சர்வர் எழுத வேண்டிய ஸ்பெக்கைக் கிளையன்டே எழுதிவைத்துக்கொண்டு, அதன்படி பதில் வரவில்லை என்று பக் போட்டால் எந்த டெவலப்பர் ஒப்புக்கொள்வார்?

என் அண்ணன் பெரியார் கட்சி. "கூப்பிட்டா வரலைல்ல, அப்ப இல்ல. இதுக்கு எதுக்கு உனக்கு இவ்வளவு நூல்?" என்பான். அவனுக்கு ஒரு கெடு இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவனும் வேண்டியவன்தான். அம்மா போன பிறகு அவன் கோயில் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கெடுவை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கெடு அவனுடையது. எண் 28 போல, அது அவனைப் பற்றிய செய்தி.

அவன் வாதத்துக்கு மணிமேகலையிலேயே ஆள் இருக்கிறது. சமயக் கணக்கர் காதையில் வரும் பூதவாதி, காட்சி ஒன்றே போதும், கருதல் கூடாது என்கிறான். அப்படியானால் உன் தாய் தந்தையை எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை மடக்கிவிட்டு நகர்கிறாள். அண்ணன் அவ்வளவு எளிதில் மடங்க மாட்டான். காட்சி மட்டும் போதும் என்று அவன் சொல்லவில்லை, குளிர் இல்லை ஆகவே பனி இல்லை என்கிறான். கருணையுள்ளவன் இருந்தால் அந்த வார்டில் கருணை தென்பட்டிருக்க வேண்டும். சித்தியாரின் உதாரணத்தையே திருப்பிப் போடுகிறான், தெரியாமலே. இது வலுவான வாதம். இதற்குச் சுலபமான பதில் தருபவர்களை நான் நம்புவதில்லை.

ஐயாவின் பதில் சுலபமானது இல்லை. அருள் எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆணவ மலம் உயிரை மறைத்திருக்கிறது, தென்படாததற்குக் காரணம் பெறுகிற பக்கம் என்கிறது சித்தாந்தம். குளிர் இருந்தும் மரத்துப்போன தோல். இதையும் லேப்டாப்பில் பார்த்திருக்கிறேன், ஆகவே தள்ளிவிட முடியவில்லை. சர்வர் அனுப்பிய பதில் டிசிபிடம்ப்பில் ஒழுங்காகத் தெரியும், கிளையன்ட் நிரல் மட்டும் வேறு எங்கோ சிக்கிக்கொண்டு பஃபரைப் படிக்காமல் நிற்கும். பதில் வாசல் வரை வந்து கிடக்கும். வரவில்லை என்று லாக் எழுதும். என் தகராறு ஒன்றுதான். அங்கே நான் கிளையன்ட் மீது குற்றம் சொன்னது, நடுவில் உட்கார்ந்து பாக்கெட்டைப் பார்த்த பிறகு. இங்கே யார் பார்த்தார்கள்? பார்த்தவர்கள் உண்டு, அவர்கள் வாக்குதான் உரை என்கிறார் ஐயா. அப்படியானால் இது மூன்றாவது அளவையின் மேல் நிற்கிறது, முதல் இரண்டின் மேல் இல்லை. அவர் அதை மறுக்கவும் இல்லை.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "உங்க ஆபீஸ்ல டெவலப்பருங்க சொல்றதத்தான் உங்க ஐயாவும் சொல்றார். சர்வர்ல ஒண்ணும் இல்ல, உங்க பக்கம்தான் பிரச்சினை."

டெஸ்ட் அறிக்கையில் பாஸ், ஃபெயில் இரண்டு மட்டும் இல்லை; 'பிளாக்டு' என்று ஒன்று இருக்கிறது. சோதனையை ஓட்டுவதற்கு வேண்டிய சூழல் கிடைக்கவில்லை என்று பொருள். இப்போது அந்தக் கேஸுக்கு எதிரே நான் போடுவது அதைத்தான் என்று அண்ணனிடம் சொன்னேன். ரெண்டு ஸ்பிரின்ட்டுக்கு மேல பிளாக்டுலயே கிடந்தா உன் மேனேஜர் சும்மா விடுவாரா என்று கேட்டான். விட மாட்டார். எது தடுக்கிறது, யார் நீக்க வேண்டும் என்று பக்கத்துக் கட்டத்தில் பெயர் எழுதச் சொல்வார். ஐயா என் பெயரை எழுதுவார், அண்ணன் எதிர்ப்பக்கத்துப் பெயரை எழுதுவான். நான் அந்தக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.